காற்று வைத்ததுதான் சட்டம்

கனடாவில் ஏரிக்கரைக் கேம்பிங் என்றால் பைன் காடும் அசையாத தண்ணீரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் குடியிருக்கும் சஸ்காட்செவன் மாகாணத்தின் தென்புறச் சமவெளியில் அந்தக் காட்சிக்கு வழியில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை, கனோலா, புல்வெளி. அதற்கு நடுவே 225 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது. டீஃபன்பேக்கர் ஏரி என்று பெயரே தவிர, அது அணை கட்டித் தேக்கிய நீர்தான்.

1930களில் மழை பொய்த்து, உழுத மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்து, குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்த பூமி இது. அந்தக் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த அணைக்கு 1959இல் வேலை தொடங்கியது. தென் சஸ்காட்செவன் ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கி, 1967இல் கட்டி முடித்தார்கள். உயரம் 64 மீட்டர், நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அணைக்கு லிபரல் கட்சியின் ஜேம்ஸ் கார்டினர் பெயர். ஏரிக்கு, அவருக்கு எதிர்க்கட்சிக்காரரான முன்னாள் பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் பெயர். நம் ஊராக இருந்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் பெயர்ப்பலகைக்காரருக்கு வேலை வந்திருக்கும்.

தண்ணீர் மூழ்கடித்தவற்றில் ஒன்றை மட்டுமாவது சொல்லியாக வேண்டும். படுத்திருக்கும் காட்டெருமை போன்ற, சுமார் 400 டன் எடையுள்ள மிஸ்டசேனி என்ற பாறை இங்கே இருந்தது. க்ரீ மக்களுக்கு அது புனிதம். வேறிடத்துக்கு நகர்த்த முடியாது என்று 1966இல் வெடி வைத்து உடைத்தார்கள். அதன் துண்டுகள் சில எல்போ என்ற கரையோரச் சிற்றூரில் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. கேம்பிங் வருபவர்கள் பெரும்பாலும் படகுத்துறைக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிற வழியில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கரையில் மூன்று மாகாணப் பூங்காக்கள் உண்டு. அணையை ஒட்டி டேனியல்சன், மணல்மேடுகள் உள்ள டக்ளஸ், மேற்கே சஸ்காட்செவன் லேண்டிங். மூன்றிலும் டென்ட் போடலாம், டிரெய்லரையும் நிறுத்தலாம். வசந்த காலத்தில் முன்பதிவு திறக்கும் அன்றைக்கே கணினி முன் உட்கார்ந்தால்தான் ஜூலை வார இறுதிக்கு இடம் கிடைக்கும்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்த ஏரி நமக்காக நிற்கவில்லை என்பது. அது வேலை செய்கிற ஏரி. மின்சாரம், பாசனம், சஸ்கடூன், ரெஜைனா நகரங்களுக்குக் குடிநீர் எல்லாம் இதிலிருந்துதான். குளிர்காலம் முழுக்க மின் உற்பத்திக்குத் தண்ணீரை இறக்குவார்கள். மே, ஜூனில் ராக்கி மலைப் பனி உருகி வந்து ஏற்றும். ஏற்ற இறக்கம் பல மீட்டர். மே மாதம் அகலமாகக் கிடந்த மணற்கரை ஜூலையில் பாதிகூட இருக்காது. மணல் நிறத்தில் பைப்பிங் ப்ளோவர் என்றொரு சின்னப் பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது, அந்த வெற்றுக் கரையில்தான் முட்டையிடும். நீர் ஏறும்போது கூடு முழுகிவிடும். நாயைக் கயிறில்லாமல் கரையில் விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கரையோரச் செங்குத்து மேடுகளும் இப்படித்தான். அலை அடியை அரிக்க, மேல்மண் திடீரென்று சரியும். காட்சி நன்றாக இருக்கிறது என்று விளிம்பில் நாற்காலி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்தது காற்று. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் எங்களோடு வந்த கோயம்புத்தூர்த் தம்பி, புது டென்டைக் கையில் பிடித்தபடி சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒரு நல்ல மரங்கூட இல்லையே, எங்கே போடறது?" என்றான். "மரம் பார்க்காதே தம்பி, கரகானா வேலியைப் பாரு. அதுக்குக் கிழக்கே போடு" என்றேன். கரகானா என்பது சைபீரியாவிலிருந்து வந்த புதர். மஞ்சள் பூ, உருவிப் பார்த்தால் பட்டாணி மாதிரி காய். வறட்சி, உறைபனி எதற்கும் அசையாது. இந்த மாகாணத்தின் இந்தியன் ஹெட் ஊரில் 1901இல் தொடங்கிய அரசு நாற்றுப்பண்ணை, காற்றுத் தடுப்புக்காக விவசாயிகளுக்குக் கோடிக்கணக்கில் கன்று கொடுத்தது. கரகானாவும் அப்படிப் பரவியதுதான். டென்ட்காரர்களுக்கு அந்த வேலிதான் வீட்டுச் சுவர்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோதான் அடிக்கும் என்பதால் வாசலைக் கிழக்குப் பக்கம் வைக்க வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. நீண்ட முளையாக வாங்கி, டென்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்கிற மாதிரி அடிக்க வேண்டும். கயிறு ஒன்றைக்கூட "இது வேண்டாம்" என்று பையிலேயே விட்டுவிடக் கூடாது. இடிமேகம் திரண்டு ஆலங்கட்டி விழ ஆரம்பித்தால் டென்டில் உட்கார்ந்து வீரம் காட்டாமல் காருக்குள் போய்விடுவது புத்திசாலித்தனம்.

டிரெய்லர்காரர்களுக்கு ஒரே ஒரு பலவீனம், பக்கவாட்டில் விரிக்கும் நிழல்துணி. பகலில் அதுபோல சுகம் கிடையாது. ஆனால் ஓரத்து ஜாலர் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழ வேண்டும். அடுத்த வீச்சு துணிக்கு அடியில் புகுந்து, முழுப்பாயையும் தூக்கி, இரும்புக் கையை வளைத்துக் கூரைமேல் போட்டுவிடும். தூங்கப் போகும்போது வெளியே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சுருட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். படகோ கயாக்கோ வைத்திருப்பவர்கள் காலையிலேயே போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் காற்று ஏறினால், மறிக்க எதுவும் இல்லாத இந்த நீளத்தில் அலை ஒரு மீட்டரைத் தாண்டும்.

காற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு. அது வீசும்வரை கொசு கிட்டே வராது.

நான் டிரெய்லர் கட்சி. ஜூன் மாதத்திலும் விடிகாலையில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரில் ஒரு சின்ன ஹீட்டரும் சொந்தக் கழிப்பறையும் இருப்பதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். சூரியன் ஒன்பதரைக்குத்தான் மறையும் என்பதால் குழந்தைகளைத் தூங்க வைப்பது தனிப் போராட்டம். சமையலுக்கு கேஸ் அடுப்பை நம்புங்கள். புல் காய்ந்துவிட்டால் விறகுத் தீக்குத் தடை வந்துவிடும். வீட்டிலிருந்து விறகு கட்டிக்கொண்டும் போகாதீர்கள். எல்ம் மரத்துக்கு வரும் நோய் பரவாமலிருக்க, அந்த விறகைக் கொண்டுபோவதே இங்கே குற்றம்.

மீன்காரர்களுக்கு இது பெரிய இடம். வால்ஐ, ஜாக் மீன்கள் நிறையக் கிடைக்கும். 2009இல் இங்கே பிடிபட்ட 48 பவுண்டு ரெயின்போ ட்ரவுட் உலக சாதனையாகப் பேசப்பட்டது. உரிமம் இல்லாமல் தூண்டிலைத் தொடக் கூடாது. படகைக் கரையேற்றியதும் அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். ஜீப்ரா மட்டி என்ற ஒட்டுயிர் இந்த ஏரிக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது.

ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் சானி டம்பில் டிரெய்லர் வரிசை நீளும். அங்கே முதலில் கழிப்பறைத் தொட்டியின் வால்வு, அது காலியானபின் பாத்திரம் கழுவிய தண்ணீரின் வால்வு. சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்தால் குழாயைத் தானே அலசிவிடும். கையுறை மறக்க வேண்டாம், குடிநீர்க் குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். பின்னால் பத்து வண்டி நிற்கும்போது இறங்கிப்போய் அடுத்த வண்டிக்காரரிடம் கதை பேசுவதும் வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது இன்னும் ஏறவில்லை.