அருந்ததியைத் தேடி ஹான்லேவுக்கு...

புதுதில்லி: பெங்களூருவின் பழைய கன்டோன்மென்ட் வட்டாரத்தில் உள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் சுற்றுவட்டாரம் அது. அங்கு நடைபெறும் நம்மவர் திருமணங்களிலும் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கு உண்டு. பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று, புரோகிதர் கை நீட்டும் திசையில் பார்த்து, தெரியாத நட்சத்திரம் தெரிந்ததாகத் தலையாட்டிவிட்டு மணமக்கள் உள்ளே திரும்புவார்கள். பகலில் எப்படித் தெரியும் என்று கேட்டுச் சிரிப்பது வழக்கம். இப்போது இரவிலும் அதே கதைதான்.

சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு அருகே ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கலான நட்சத்திரம் அருந்ததி. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படும். பெருநகர வானத்தில் வசிஷ்டரைக் கண்டுபிடிப்பதற்கே சற்று நேரம் ஆகும். அருந்ததியைக் காண்பது கண்ணின் கூர்மையையும் அன்றைய அதிர்ஷ்டத்தையும் பொருத்தது. கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்களை விரல் விட்டு எண்ணிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு வெளிறிய திட்டு. பால்வீதியோ பாடப் புத்தகத்தில் உள்ள படம்.

தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் அடுக்குமாடி வளாகமும் உமிழும் ஒளியில் ஒரு பகுதி தரைக்கு வராமல் மேலே செல்கிறது. காற்றில் உள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, நகரத்தின் மீது ஒரு வெளிச்சக் கூரையாகக் கவிந்து நிற்கிறது. அந்தக் கூரைக்கு அப்பால் உள்ளவை கண்ணுக்குத் தெரிவதில்லை. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் ஆர்வலர்கள் அனுப்பிய வெறுங்கண் பதிவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடி வருவதாக 2023-ல் தெரிவித்தனர். 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தை 18 வயதை எட்டும்போது, அங்கு மிஞ்சுவது சுமார் 100 மட்டுமே என்பது அவர்களது கணக்கு.

இப்படித் தொலைந்த வானத்தைப் பார்ப்பதற்காகவே இன்று பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள் நகரவாசிகள். அமாவாசையை ஒட்டிய வார இறுதி நாட்களில் பெங்களூருவிலிருந்து கோலார், குடகு திசைகளில் செல்லும் கார்களில் தொலைநோக்கிகளும் ஏறுகின்றன. இந்தப் பயணங்களின் உச்சம், நாட்டின் மறு கோடியில் லடாக்கில் உள்ள ஹான்லே.

விளக்கைக் குறைத்தால் வருமானம்

லே நகரிலிருந்து சுமார் 250 கி.மீ. தென்கிழக்கே, சீன எல்லையை ஒட்டிய சாங்தாங் பீடபூமியில் உள்ளது ஹான்லே. பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களும், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்த மடாலயமும், விரல்விட்டு எண்ணக்கூடிய குக்கிராமங்களும்தான் அங்கு உள்ளவை. மழை குறைவு. காற்றில் ஈரம் இல்லை. அருகில் நகரம் எதுவும் இல்லை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் கழகம் அங்குள்ள மலை முகட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் வான் ஆய்வகம் அமைத்ததற்குக் காரணமும் இவையே. இரண்டு மீட்டர் விட்டமுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு முதன்முதலாக வானத்தை நோக்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் அது.

விஞ்ஞானிகள் மட்டுமே அறிந்திருந்த அந்த இருளை ஊர் மக்களின் சொத்தாக மாற்றும் யோசனை 2022-ல் உருப்பெற்றது. லடாக் யூனியன் பிரதேச நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் கவுன்சில், இந்திய வானியற்பியல் கழகம் ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பர் மாதம் மத்திய அறிவியல் துறை அமைச்சர் ஜிதேந்திர சிங் திட்டத்தை அறிவித்தார். டிசம்பரில் 1,073 சதுர கி.மீ. பரப்பளவு இருள் வானக் காப்பகமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. நாட்டில் இத்தகைய காப்பகம் அமைவது அதுவே முதல் முறை.

புலிக்கும் பறவைக்கும் காப்பகம் கேள்விப்பட்டிருக்கிறோம். இருட்டுக்குக் காப்பகம் என்பதன் பொருள், நடைமுறையில், சில எளிய கட்டுப்பாடுகளே. விளக்குகள் தரையை நோக்கியே எரிய வேண்டும். கண் கூசும் வெள்ளொளிக்குப் பதில் மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகள். ஜன்னல்களுக்குத் திரை. இரவில் செல்லும் வாகனங்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே செல்ல வேண்டும்.

இதற்கு ஈடாகக் கிராமத்தினருக்குக் கிடைத்தது ஒரு புதிய தொழில். சுற்றுவட்டாரக் குக்கிராமங்களிலிருந்து 24 பேரைத் தேர்வு செய்து, வானியற்பியல் கழகம் பயிற்சியும் தொலைநோக்கிகளும் கொடுத்தது. 'வானியல் தூதர்கள்' என்று பெயர். தேர்வானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் வீட்டையும் ஆடுகளையும் கவனிப்பவர்கள், இருட்டியதும் விருந்தினருக்குச் சனியின் வளையத்தையும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தையும் காட்டுகிறார்கள். வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் தருவதில் வரும் பணம் தனி. எல்லையோரத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பிழைப்புத் தேடி லே நகருக்குப் போய்விடுவது தில்லியின் நெடுநாள் கவலை. அந்தக் கவலைக்குத் தொலைநோக்கி ஒரு சிறு மருந்தாகும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

2023 முதல் ஆர்வலர்களுக்கான நட்சத்திர விழாவும் அங்கு நடத்தப்படுகிறது. 2024 மே 10-ஆம் தேதி இரவு சூரியப் புயலின் விளைவாக ஹான்லே வானில் செந்நிற ஒளி படர்ந்ததை ஆய்வகக் கேமராக்கள் பதிவு செய்தன. அந்தப் படங்கள் நாடெங்கும் பரவியதில் ஹான்லேயின் பெயர் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஹான்லே வழியாகச் செல்லும் உம்லிங் லா கணவாய்ச் சாலை, உலகின் மிக உயரமான வாகனச் சாலை என்று 2021-ல் கின்னஸ் சான்று பெற்றது. அதில் ஏறி இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள வரும் மோட்டார் சைக்கிள் அணிகளுக்கு நட்சத்திரங்களைப் பற்றிய அக்கறை இருந்தாக வேண்டும் என்பதில்லை. தொலைதூரத்தில் வளைவில் திரும்பும் ஒரே ஒரு முகப்பு விளக்கு, பல நிமிடங்கள் திறந்து வைக்கப்பட்டிருக்கும் கேமராவின் பதிவைக் கெடுத்துவிடும். இருட்டுக்குப் பழகிய கண், வெளிச்சம் பட்டபின் பழைய நிலைக்குத் திரும்ப 20 நிமிடங்களுக்கு மேல் ஆகும். விடுதிகள் பெருகி, ஒவ்வொன்றும் வாசலில் ஒரு விளக்கைக் கூட்டினால், எதைப் பார்க்க வந்தார்களோ அது போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளுமையைத் தேடிப் போன கூட்டம் என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாததல்ல.

காவலூர் சொல்லும் கதை

தமிழகத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. பெங்களூருவிலிருந்து சுமார் 175 கி.மீ. தொலைவில், திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரை, ஊர் வெளிச்சம் எட்டாத இடம் என்பதாலும் 1960-களில் தேர்ந்தெடுத்தார் விஞ்ஞானி வைணு பாப்பு. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் தொடங்கியது ஆய்வகம். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977 மார்ச் 10-ஆம் தேதி உலகுக்குக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. 1988-ல் அங்கு கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. மலையடிவாரத்து ஊர்களான வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரும் வளர வளர, அடிவானத்தில் வெளிச்சமும் வளர்ந்தது. ஊர்கள் வளர்ந்ததைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விளக்குகள் வானத்தைப் பார்த்து எரிவதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை.

சட்டத்தின் துணையை நாடினால் கை விரிக்கத்தான் வேண்டும். நாடாளுமன்றம் 1981-ல் இயற்றிய காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் முதலில் ஓசை இடம்பெறவில்லை. 1987-ல் கொண்டுவந்த திருத்தம் அதையும் மாசு என்று சேர்த்தது. 2000-ல் ஒலி மாசு விதிகளும் வந்தன. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்ற நிலை அப்படி உருவானதுதான். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமோ மாசுபடுத்தும் பொருள் என்பதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்றே வரையறுக்கிறது. ஒளி எந்தப் பட்டியலிலும் இல்லை. பக்கத்து வளாகத்தின் விளக்கு படுக்கையறைக்குள் விழுந்தால் ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி திரைச்சீலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய தொலைநோக்கிகள் பல அமைந்துள்ள சிலி நாடு, அவற்றைக் காப்பதற்காகவே 1990-களின் இறுதியில் வெளிப்புற விளக்குகளுக்குத் தனி விதிமுறை வகுத்துவிட்டது.

சட்டத்துக்குக் காத்திராமல் நடந்த வேலைகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நான்கு கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் தரை நோக்கும் விளக்குகளாக மாற்றப்பட்டன. அதன் பயனாக 2024 ஜனவரியில், சர்வதேச அமைப்பிடமிருந்து இருள் வானப் பூங்கா என்ற சான்றை நாட்டிலேயே முதலாவதாக அந்தக் காப்பகம் பெற்றது. தமிழக அரசும் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அரியூர் சோலை வனப்பகுதியை அத்தகைய பூங்காவாக்க முடிவு செய்துள்ளது. விளக்கின் தலையைத் திருப்ப ஆகும் செலவு அதிகமில்லை. பஞ்சாயத்தும் மின் வாரியமும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே கடினமான பகுதி.

ஹான்லே செல்ல விரும்புவோர் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது நல்லது. பௌர்ணமியை ஒட்டிச் சென்றால் நிலவைத்தான் பார்க்க முடியும். காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் லேயில் சில நாட்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளாமல் மேலே ஏறுவது ஆபத்து. கோடையிலும் இரவில் கம்பளி வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாமலே ஹான்லே வானத்தை இரவுதோறும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கிழக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது ஹொசகோட்டே. வானியற்பியல் கழகத்தின் அங்குள்ள மையத்தில் அமர்ந்தபடி, செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் இமாலய சந்திரா தொலைநோக்கியை இயக்குகிறார்கள் விஞ்ஞானிகள். திரையில் ஹான்லேயின் நட்சத்திரங்கள் நகர்கின்றன. ஜன்னலுக்கு வெளியே, பெங்களூருவின் வெளிச்சம் மேற்கு அடிவானத்தை நிறைத்து நிற்கிறது.