கட்டடம் இருக்கிறது, ஆள் எங்கே?

ஊராட்சியில் வீட்டு வரி கட்டி வாங்கும் ரசீதை நிதானமாகப் பார்த்தால், நூலக வரி என்று ஒரு தொகை தனியே குறிக்கப்பட்டிருக்கும். கட்டும் வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. இதற்கு ஆதாரம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல் அன்றைய சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று பிறந்த முதல் சட்டம் அதுதான். ஆண்டுதோறும் மாறும் அரசின் தயவில் நூலகத்தை விட்டுவிடாமல், மக்கள் கட்டும் வரியோடு அதைப் பிணைத்தது அந்தச் சட்டம். ஆகவே கிராமத்து நூலகத்தை யாரோ மனமிரங்கித் தந்த தானமாக நினைக்க வேண்டியதில்லை. ஊரார் காசு கட்டிப் பெறும் சேவை அது. அந்தச் சேவை ஒழுங்காக வந்துசேர என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல கட்டடம், நிறையப் புத்தகம், நாலு கணினி என்று வரிசையாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இவையெல்லாம் இரண்டாவதுதான். முழுப் பொறுப்பில் ஒரு நூலகர், ஊரின் வேலை நேரத்துக்கு ஒத்துப்போகும் திறப்பு நேரம், எந்தப் புத்தகம் வாங்குவது என்பதில் ஊருக்கும் ஒரு பேச்சு. முதலில் வேண்டியவை இந்த மூன்றுமே என்பதற்கு நம் அனுபவத்திலேயே சான்று இருக்கிறது.

அந்தச் சான்றுகளில் பெரியது அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். 2006ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளில் தமிழகத்தின் 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் இத்திட்டம் போனது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்பது அதன் முக்கியமான அம்சம். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் எளிதில் நினைத்துப் பார்க்காத அளவு அது. பொது நூலக இயக்ககத்தின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று இயங்குபவை எல்லாம் சேர்ந்தே 4,600ஐ ஒட்டித்தான் வரும். அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட நூலகங்கள் ஐந்தே ஆண்டில் எழுந்தன. கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் அவற்றைத் திறந்து வைக்க நியமிக்கப்பட்டவர்களுக்குச் சொற்ப மதிப்பூதியம்தான். நூலகப் பயிற்சி பெற்றவர்களை அந்தத் தொகைக்கு எதிர்பார்க்க முடியாது. நிர்வாகமோ ஊரக வளர்ச்சித் துறையின் கையில். நூலகப் பணியில் அனுபவமுள்ள இயக்ககம் வேறு துறையில். சில ஆண்டுகளில் பல ஊர்களில் பூட்டுத் தொங்கியது. சில இடங்களில் அந்த அறை சாமான் போடும் இடமாயிற்று. அண்மைக் காலத்தில் அவற்றைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, நல்லதுதான். ஆனால் முதன்முறை அவை மூடிக்கிடந்ததற்குக் காரணம் சுவர் விரிசல் அல்ல, திறக்க ஆள் இல்லாததுதான் என்பதை மறந்துவிட்டு வெள்ளையடித்தால் பத்தாண்டு கழித்து மறுபடியும் இதே செலவு வரும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் இதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது. கேட்பதற்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு விதியிலிருந்து அவர் நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், நாற்காலி மேசை, பணியாளர் என்று நான்கையும் வருவித்துக் காட்டினார். புத்தகம் பயன்பட வேண்டுமானால் ஆள் வந்துபோகும் இடத்தில், ஆள் வரக்கூடிய நேரத்தில், உட்காரத் தோதாக, விவரம் தெரிந்த ஒருவர் கையால் அது கிடைக்க வேண்டும். அதே 1931இல், அவருடைய யோசனையின்பேரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் அதற்கென்று நிலையான கட்டடம் இல்லை. ஆனால் புத்தகம் ஊரைத் தேடிப் போயிற்று, கொண்டுபோக ஒருவர் இருந்தார். கட்டடமே இல்லாமல் நூலகம் நடக்கும், ஆள் இல்லாமல் நடக்காது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டாம்.

இனி நேரத்தைப் பார்ப்போம். காலையில் ஒரு மூன்று மணி நேரம், மாலையில் ஒரு மூன்று மணி நேரம் என்பதே சிறிய நூலகங்களின் பொதுவான வழக்கம். காலை ஒன்பது மணிக்கு ஊரில் யார் ஓய்வாக இருப்பார்? பிள்ளைகள் பள்ளியில், பெண்கள் நூறு நாள் வேலையிலோ நடவிலோ களையெடுப்பிலோ, இளைஞர்கள் டவுன் பஸ்ஸில். எஞ்சியிருக்கும் பெரியவர்கள் செய்தித்தாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அந்த இடம் வேண்டும். ஆனால் அந்த மேசையை மட்டும் பார்த்துவிட்டு ஊரில் படிக்கிறவர்கள் இவ்வளவு பேர்தான் என்று கணக்கிடுவது தவறு. இடமும் அப்படித்தான். நூலகம் ஊர்த் தெருவில், கோயிலையோ சாவடியையோ ஒட்டி இருந்தால், காலனிப் பிள்ளைகள் அங்கே கூச்சமில்லாமல் நுழைய முடிகிறதா என்று கேட்க வேண்டும். சட்டம் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை தடுக்கும். பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் நடுவில், இரு பக்கத்தாருக்கும் பொதுவான இடத்தில் அதே நூலகம் இருந்தால் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களே மாறும். வீட்டைவிட்டு மாலையில் வெளியே வர முடியாத பெண்களுக்கு இடமாற்றம்கூடப் போதாது. கேரளத்தில் பெண் நூலகர்கள் பையில் புத்தகங்களோடு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கும் முதியோருக்கும் இரவல் தரும் திட்டமே நடக்கிறது. தமிழகத்திலும் தன்னார்வலர்கள் வீடுதேடிப் புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டம் 2022 முதல் இருக்கிறது.

மூன்றாவது, புத்தகம். நம் நூலகங்களுக்கான கொள்முதல் பெரும்பாலும் மாநில அளவில் நடக்கிறது. பதிப்பாளர்களுக்கு அது பெரிய ஆதரவு, மலிவாகவும் முடிகிறது. ஆனால் சென்னையில் தேர்வான ஒரே பட்டியல், நெல் விளையும் ஊருக்கும் தீப்பெட்டி ஒட்டும் ஊருக்கும் மீன்பிடிக் குப்பத்துக்கும் ஒன்றுபோல் போய்ச் சேருகிறது. போன புத்தகமும் பல இடங்களில் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். இதை நூலகரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆண்டு முழுவதும் ஒருவரும் தொடாத புத்தகத்துக்கு அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படி ஒரு கணக்கு இருந்தால் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார். படித்துக் கிழிந்த சிறுவர் நூலையும், ஒன்றிரண்டு காணாமற்போன நூலையும் வழக்கமான தேய்மானமாக ஏற்றுக்கொண்டு, எத்தனை புத்தகம் இரவல் போயிற்று என்பதை முதல் கேள்வியாக்கினால் பூட்டு தானே கழன்றுவிடும். கொள்முதல் தொகையில் ஒரு பகுதியை ஊர் வாசகர் வட்டத்தின் விருப்பத்துக்கு விட்டால், அங்கே தேடப்படும் புத்தகம் அங்கே இருக்கும்.

சிறுவர் நூல்களை இங்கே அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வு 2022இல் கண்டபடி, தமிழகக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததன் பாதிப்பு அதில் பெரிது. பள்ளி எழுத்தைக் கற்றுத்தரும். சரளமாகப் படிக்கும் பழக்கமோ, பரீட்சை பயமில்லாமல் பிடித்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினால்தான் வரும். வீட்டில் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு அது வேறெங்கே கிடைக்கும்? கர்நாடகம் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டது. 2019இல் கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் அங்கே ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்புக்கு வந்தன. அடுத்த ஆண்டே, பள்ளிகள் மூடிக்கிடந்த நேரத்தில், பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை தந்து ‘ஓதுவ பெளகு’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இங்கே நம் ஊராட்சி நூலகங்கள் இருப்பதும் அதே துறையில்தான். ஆகவே துறையின் பெயரில் கோளாறு இல்லை. நூலகத்தைத் தன் வேலையாக அந்தத் துறை எடுத்துக்கொள்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

கைபேசி எல்லார் கையிலும் இருக்கும்போது நூலகம் எதற்கு என்பது வழக்கமாக வரும் மறுப்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியிருந்த பெண்கள் நூற்றுக்கு 25 பேர்கூட இல்லை. ஆண்கள் 49 பேர். தமிழகத்தின் நிலை இதைவிட மேல், அதன் பிறகு கைபேசியும் பெருகியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் ஒரு போன்தான் இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்துடன், இணையம் பெருகப் பெருக நூலகருக்கு வேலை கூடத்தான் செய்கிறது. உதவித்தொகை விண்ணப்பம், பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் திரையில் வந்துவிட்டன. எந்தத் தளம் அரசுடையது, எது ஏமாற்று, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று கட்டணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

இன்னொரு மறுப்பு, நூலகத்துக்கு வருகிறவர்களெல்லாம் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்கள்தான், அவர்கள் கைடு படிக்க நாற்காலி தேடி வருகிறார்கள் என்பது. அதில் குறை என்ன? ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் இருப்பவருக்கு வெளிச்சமும் மின்விசிறியும் அமைதியும் உள்ள ஓர் இருக்கையே பெரிய உதவி. ஆனால் இந்த மறுப்பில் கவனிக்க வேண்டிய நியாயமும் உண்டு. தேர்வர்கள் எல்லா இருக்கையையும் நிரப்பிவிட்டால், சத்தம் போடும் பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுவார்கள். நேரத்தைப் பிரித்துக்கொடுப்பதும், தேர்வுக்கு வந்தவர்களையே ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட வைப்பதும் நூலகரின் சாமர்த்தியத்தில் அடங்கியவை. இங்கேயும் முடிவு ஆளிடம்தான் போய் நிற்கிறது.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது? சிறிய ஊராட்சி ஒன்றில் வசூலாகும் நூலக வரி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கே காணாது என்பார்கள். கணக்கு சரிதான். அதனால்தான் சட்டம் இந்த வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்கச் சொல்கிறது. நகரத்துப் பணம் கிராமத்துக்கும் பாயவே அந்த ஏற்பாடு. மக்களிடம் வசூலித்த நூலக வரியைப் பெரிய உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பது நீண்டகாலப் புகார். அது உரிய காலத்தில் வந்தாலே பல பணியிடங்களை நிரப்ப முடியும். தன்னார்வலர்களையும் புரவலர்களையும் வைத்துச் சமாளிக்கலாமே என்பவர்கள் கேரளத்தைக் காட்டுவார்கள். 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கம் அது; உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்ப் பேச்சு எடுபடுவதற்கு அது மிகச் சிறந்த முன்மாதிரி. ஆனால் அந்தத் தன்னார்வத்துக்குப் பின்னால் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் நூலக வரியும் மாநில நூலக மன்றத்தின் மானியமும் நிற்கின்றன. அங்கும் நூலகருக்குக் கிடைக்கும் உதவித்தொகை போதவில்லை என்ற குறை உண்டு. தன்னார்வம் நூலகருக்குத் துணை நிற்கும். அவர் இடத்தை நிரப்பாது.

ஊராட்சிக்கு ஒரு முழுநேர நூலகர் என்பதை ஒரே ஆண்டில் செய்ய முடியாது. அருகருகே உள்ள மூன்று நான்கு ஊராட்சிகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை நியமித்து, அவர் முறைவைத்துப் போகும் நாட்களில் முழுச் சேவையும், மற்ற நாட்களில் உள்ளூர்ப் பெண் ஒருவர் பொறுப்பில் மாலைத் திறப்பும் என்று தொடங்கலாம். புதிதாகக் கட்டுவதை ஓராண்டு தள்ளிப்போட்டாலே இதற்கு இடம் பிறக்கும். அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கிராம சபையில் யாரும் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: போன ஆண்டு நம் ஊரில் நூலக வரி எவ்வளவு வசூலானது, நம் நூலகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு. பதில்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். சாலையும் குடிநீரும் ஊருக்கு வந்தது பெரும்பாலும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். நூலகத்தை அந்தப் பட்டியலில் இதுவரை நாம் சேர்க்கவில்லை.