ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்: எஞ்சின் ஆயிலை நீங்களே மாற்றலாம்

தீபாவளிக்கு முந்தின இரவு. பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தமது மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் புறப்பட்டார். பாதி வழியில் எஞ்சின் "கட கட" என்று சத்தமிட்டது; பிறகு இறுகி நின்றுவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டார்.

"ஆயில் எப்போது சார் மாற்றினீர்கள்?" என்று கேட்டார் மெக்கானிக். நண்பருக்கு நினைவில்லை. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் அதன் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை! பண்டிகைக்கென்று வைத்திருந்த போனஸ் பணம் எஞ்சின் வேலைக்குப் போயிற்று.

சில நூறு ரூபாய் ஆயிலைக் கவனிக்காததால் பல ஆயிரம் ரூபாய் செலவு. பீனியாவில் ஷிப்டுக்குப் போகிறவருக்கும், அலுவலகத்துக்கு ஓடுகிற குமாஸ்தாவுக்கும் வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. அது நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும். ஆகவே இந்த வேலையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

ஆயில் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உராயாமல் நடுவே மெல்லிய படலமாக நிற்பது ஆயில்தான். சூட்டைச் சுமந்து செல்வதும், கரியையும் உலோகத் தூளையும் தன்னோடு இழுத்துக்கொள்வதும் அதுவே. நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதனால் அது விரைவில் களைத்துவிடுகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகரப் போக்குவரத்தும், சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய பயணங்களும் அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

தினம் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் 750 கிலோமீட்டர். நாலே மாதத்தில் 3,000 ஆகிவிடும்! எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் அது இருக்கிறது. புதிய வண்டியாக இருந்து, இலவச சர்வீஸும் உத்தரவாதக் காலமும் முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில் வாங்குவது?

டப்பாவின் மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருப்பது ஆயிலின் கெட்டித் தன்மையைக் குறிக்கும். கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு "ஜாசோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்ற குறி இருப்பது அவசியம். "எம்.பி." என்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். ஜே.சி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருவில் டிரெயின் போல்டுக்கான புது வாஷரையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

எப்படி மாற்றுவது?

போல்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர் (பல 100 சி.சி. வண்டிகளுக்கு 17 எம்.எம்.), பழைய பேசின், புனல், கந்தல் துணி, கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் ஆகியவை போதும்.

முதலில், திறந்த வெளியில் எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி, அழுக்கோடு வெளியே வரும். நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே கை வைக்காதீர்கள். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். எஞ்சினின் அடியில் பேசினை வைத்து டிரெயின் போல்டைக் கழற்றுங்கள். கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தபடி சுற்றுகிறவர்கள், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவது உண்டு!

பத்து நிமிடம் சொட்டுச் சொட்டாக வடியட்டும். வடிந்த ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உலோகத் துணுக்குகள் மின்னினால் உள்ளே ஏதோ தேய்கிறது. இரண்டில் எதுவானாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு போல்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். கடைசியில் மட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். பலத்தையெல்லாம் காட்டக் கூடாது. எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம். மரை போய்விட்டால் செலவு பெரிது. சில வண்டிகளில் காகித ஃபில்டர் உண்டு. கையேட்டில் சொல்லியிருக்கும் கணக்கில் அதையும் மாற்ற வேண்டும்.

புனல் வைத்து, கையேட்டில் சொன்ன அளவு ஆயிலை ஊற்றி மூடுங்கள். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவுக் குச்சியைப் பாருங்கள். இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். மறுநாள் காலை தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தெருச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். பெங்களூரின் மழைநீர்க் கால்வாய்கள் ஏரிகளில் போய்ச் சேருகின்றன. கழிவுகள் நிறைந்த பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்ததை ஊரே பார்த்தது. நம் பங்குக்கு நாமும் அதில் ஊற்ற வேண்டாம். மண்ணில் ஊற்றினாலும் கிணற்று நீருக்குக் கேடு.

பழைய ஆயிலை, புது ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். அதைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு. வண்டிச் சங்கிலியில் தடவவும் வேண்டாம். அதிலுள்ள தூள் சங்கிலியைத் தேய்த்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. மாற்றிய தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆர்.சி. புத்தக உறையில் செருகி வையுங்கள். இடையில் வாரம் ஒருமுறை அளவுக் குச்சியைப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்கியிருந்தால், நம் நண்பர் அந்தத் தீபாவளியன்று விடியுமுன் ஊர் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார்.