மாதம் சொல்லாத வரைபடம்

ஆஸ்திரேலியப் பறவைக் கையேடுகளில் ரோஜாமுடிக் கனிப்புறாவுக்குரிய வரைபடத்தைப் பார்த்தால், கிழக்குக் கரையோரம் நியூகாசில் அருகே தொடங்கி வடமுனையான கேப் யார்க் வரை ஒரே வண்ணப் பட்டை ஓடும். பட்டை நெடுக ஆண்டு முழுவதும் இந்தப் பறவை இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கில் வசந்தத்திலும் கோடையிலும் பெருகும் அதன் எண்ணிக்கை, அங்கே குளிர் நெருங்கும் ஏப்ரல், மே மாதங்களில் குறைந்துவிடுகிறது. கனிப்புறாவின் வாழிடத்தை நிலப்பரப்பால் மட்டும் அளந்தால் போதாது, மாதங்களையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்பேன்.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. தானியம் பொறுக்கும் புறாக்களின் இரைப்பை விதைகளை அரைத்துவிடும். கனிப்புறா பழத்தை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையை முளைக்கும் நிலையிலேயே வெளியேற்றுகிறது. பழமே அதன் முழு உணவு என்பதால், ஒரு காட்டில் பழம் ஓய்ந்ததும் அது கிளம்பியாக வேண்டும். அத்தியினத்து மரங்கள் ஆளுக்கொரு காலத்தில் காய்ப்பதால் ஓரளவு கைகொடுக்கும். பிற மரங்கள் பலவற்றுக்குப் பருவம் உண்டு. இனத்துக்கு இனம் பயணமும் மாறுகிறது. உருவில் பெரிய வோம்பூ கனிப்புறா மலைக்காட்டுக்கும் சமவெளிக் காட்டுக்கும் இடையே இடம் மாறுகிறது. ‘சூப்பர்ப்’ கனிப்புறாவோ இரவில் நெடுந்தூரம் பறக்கிறது. கலங்கரை விளக்கங்களிலும் வெளிச்சமுள்ள ஜன்னல்களிலும் அது மோதிய பதிவுகளே இதற்குச் சாட்சி.

‘சிறகு இருக்கிறதே, ஒரு காடு போனால் இன்னொன்றுக்குப் போகாதா?’ என்று கேட்கலாம். போகும், அந்த மாதத்தில் பழமுள்ள இன்னொரு காடு இருந்தால். லிஸ்மோர், பாலினா, பைரன் பே ஊர்களுக்கு இடையே ‘பிக் ஸ்க்ரப்’ என்ற சமவெளி மழைக்காடு சுமார் 75,000 ஹெக்டேரில் பரந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் விவசாயத்துக்காக அதை வெட்டித் தீர்த்தார்கள். இன்று எஞ்சியிருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மலைக்காடுகள் அதைவிட அதிகமாகத் தப்பின. ஆனால் மேலே பழம் அருகும் குளிர்காலத்தில் பறவைகளுக்குச் சோறு போட்டது கீழே இருந்த காடுதான். ஆண்டில் பத்து மாதம் உணவு கிடைத்து இரண்டு மாதம் கிடைக்காமல் போனாலும் ஒரு பறவை அழிந்துபோகும். முன்பு தெற்கே இல்லவாரா வரை வாழ்ந்த வோம்பூ, இப்போது காஃப்ஸ் ஹார்பருக்குத் தெற்கே அரிதாகிவிட்டது. இந்த மூன்று இனங்களுமே நியூ சவுத் வேல்ஸில் அழியும் ஆபத்துள்ளவையாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, கோடையில் கணக்கெடுத்துப் புறா இல்லை என்று கண்ட சிறு சோலையைப் பயனற்றது என்று ஒதுக்குவது பெருந்தவறு. ஜூலையில் அதுவே ஒரு கூட்டத்தின் உயிராக இருக்கலாம்.

இதைவிடக் கடினமான மறுப்பு கற்பூர மரத்தைப் பற்றியது. கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்த மரம், வெட்டப்பட்ட அதே சமவெளியில் களையாகப் பரவியிருக்கிறது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அது கறுப்புப் பழங்களாய்க் குலுங்குவதால், பழந்தின்னிப் புறாக்கள் பல அதைத் தேடி வருகின்றன. களையை வேரோடு அகற்ற வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது நாட்டு மரங்களின் இடத்தைப் பிடிக்கிறது. பறவைகளே அதன் விதையையும் பரப்புகின்றன. ஆனாலும் ஒரே மூச்சில் வெட்டினால், இழந்த குளிர்கால உணவை இரண்டாம் முறை பறிப்பதாகும். அந்த மரத்தடியில் புறாக்கள் எச்சத்தோடு போடும் விதைகளிலிருந்து மழைக்காட்டு மரக்கன்றுகளும் எழுகின்றன. அக்கன்றுகளை வளரவிட்டு, குளிர்காலத்தில் பழுக்கும் நாட்டு மரங்களையும் நட்டு, அவை காய்க்கத் தொடங்கிய பிறகு கற்பூர மரத்தைப் பகுதி பகுதியாக எடுப்பதே சரி. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட குளிர்காலங்களில் புறாக்களுக்கு வேறு உணவு இல்லாத இடங்களில் இந்தக் களையையே விட்டுவைக்க வேண்டும்.