நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

உங்கள் அளவுகோலில் உள்ள மிகச் சிறிய பிரிவு எது? ஒரு மில்லிமீட்டர். அதை நான்கு சம பங்குகளாக்கினால் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆனால் அந்தக் கால் மில்லிமீட்டரைத் துணையாகக் கொண்டு, குட்டையான காலை 5 சென்டிமீட்டர்கூட நீளச் செய்கிறார்கள். எப்படி என்று பார்ப்போமா?

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருக்கும். இளம்பிள்ளை வாதம், எலும்பில் சீழ் பிடித்தல், சிறு வயதில் ஏற்பட்ட எலும்பு முறிவு ஆகியவற்றாலும் இந்நிலை வரலாம். வேறுபாடு சிறிதானால் செருப்பின் அடியை உயர்த்திச் சரிக்கட்டிவிடலாம். அதிகமானால் இடுப்பு சாய்கிறது, நடை தடுமாறுகிறது. அப்போது எலும்பையே நீட்ட வேண்டியதாகிறது.

இதற்கு முயன்றவர்கள் பலர். இத்தாலிய மருத்துவர் கோடிவில்லா 1905-ஆம் ஆண்டிலேயே எலும்பை வெட்டி இழுத்து நீட்டும் முறையை வெளியிட்டார். ஆனால் பலமாக, விரைவாக இழுத்தால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் தாங்குவதில்லை. குறை எண்ணத்தில் இல்லை, வேகத்தில்தான் இருந்தது.

குர்கான் நகர மருத்துவர்

சரியான வேகத்தைக் கண்டறிந்தவர் காவ்ரீல் இலிசாரோவ். 1921-இல் பிறந்த இவர், 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மேற்குச் சைபீரியாவில் குர்கான் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் பணியாற்றினார். போரில் கை, கால் முறிந்தவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது. முறிந்த எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள, காலைச் சுற்றி வளையங்களை அமைத்து ஒரு சட்டத்தை 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்.

முதலில் அச்சட்டம் எலும்பு முனைகளை நெருக்கிச் சேர்ப்பதற்கே பயன்பட்டது. ஒருமுறை ஒரு நோயாளி திருகுகளை எதிர்ப்புறமாகத் திருப்பிவிட்டாராம், முனைகள் விலகின, ஆனால் அந்த இடைவெளியில் புது எலும்பு தோன்றியிருந்ததை எக்ஸ்ரே படம் காட்டியதாம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், இலிசாரோவ் இதைப் பல ஆண்டுகள் சோதனைகளால் ஆராய்ந்தார் என்பது உறுதி.

நாய்களிடம் அவர் நடத்திய சோதனைகளின் முடிவு இது: நாளுக்கு அரை மில்லிமீட்டர் மட்டுமே நீட்டினால், எலும்பு முன்கூட்டியே கூடி இறுகிவிடுவதுண்டு. 2 மில்லிமீட்டர் நீட்டினால் புது எலும்பு சரிவர உண்டாவதில்லை. சதையும் நரம்பும் பாதிக்கப்படுகின்றன. 1 மில்லிமீட்டரே தக்க அளவு. அதையும் ஒரே முறையில் செய்யாமல் பல சிறு பகுதிகளாகச் செய்வது நல்லது.

சட்டத்தில் உள்ள இயற்பியல்

இச்சட்டத்தின் எஃகுக் கம்பிகள் சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பியைவிடச் சற்று மெல்லியவை, 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ளவை. இவை தோலையும் எலும்பையும் ஊடுருவிச் சென்று இருபுறமும் வளையத்தில் இறுக்கப்படுகின்றன. இவ்வளவு மெல்லிய கம்பி உடலின் எடையைத் தாங்குமா?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்திருந்தால் படுத்தவர் தொய்ந்து தரையைத் தொடுவார். இழுத்துக் கட்டினால் அதே கயிறு அவரைத் தாங்குகிறது. கம்பிகளையும் அவ்வாறே, இரண்டு சிமென்ட் மூட்டைகளைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான 100 கிலோகிராம் எடை அளவுக்கும், சில சமயம் அதற்கு மேலும் இழுத்து முறுக்கேற்றுகிறார்கள். ஆயினும் கட்டில் சற்றே அமிழ்ந்து எழுவதுபோல, நோயாளி காலூன்றும்போது எலும்பும் மிக நுண்ணிய அளவு மேலும் கீழும் அசைகிறது. இந்த அசைவு கெடுதல் அன்று. எலும்பு வளர்வதற்கு அதுவே தூண்டுதல்.

அடுத்து, வளையங்களை இணைக்கும் திருகுத் தண்டுகள். திருகு அளவியில் புரியிடைத் தூரம் என்று படித்திருப்பீர்கள் அல்லவா? இங்கு அது 1 மில்லிமீட்டர். நட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் வளையங்கள் 1 மில்லிமீட்டர் விலகும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். ஆறு மணிக்கு ஒருமுறை கால் சுற்று வீதம் நாளுக்கு நான்கு முறை திருப்பினால், நாளுக்கு 1 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது.

நோயாளியே செய்யும் வைத்தியம்

எலும்பை வெட்டும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். குணமாவதோ பல மாத வேலை. வெட்டியதும் உடனே நீட்டத் தொடங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருந்து, இடைவெளியில் குணமாகும் திசு தோன்றிய பிறகே தொடங்குகிறார்கள். பின்னர் நோயாளி வீடு திரும்புகிறார். நட்டைத் திருப்புபவர் மருத்துவர் அல்லர். நோயாளியோ அவருடைய தாய் தந்தையரோதான்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் நீட்ட 50 நாள். 200 கால் சுற்றுகள். நான்கு தண்டுகள் இருந்தால் 800 திருப்பங்கள்! ஒன்றையும் மறக்கக் கூடாது. எதிர்ப்புறம் திருப்பக் கூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏட்டில் குறித்துக்கொள்வது நல்லது.

எலும்பு நீள்கிறது, ஆனால் தசை அதனுடன் ஓட மறுக்கிறது. முழங்காலுக்குக் கீழே நீட்டும்போது கெண்டைக்கால் தசை இறுகி, குதிகாலை மேலே இழுக்கிறது. கவனிக்காவிட்டால் எலும்பு நீண்டும், பாதம் தரையில் படியாமல் போய்விடும். ஆகவே கணுக்காலையும் முழங்காலையும் நாள்தோறும் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கத்தான் செய்யும். இரவில் தூக்கம் கெடும். அதற்குரிய மருந்தை மருத்துவர் தருவார். பயிற்சியை மட்டும் நிறுத்தலாகாது.

கம்பி தோலில் நுழையும் இடங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அங்கே சிவப்பு, சீழ், அதிக வலி தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலும் அப்படியே; நரம்பு, 'மெதுவாக' என்று முறையிடுகிறது என்று பொருள்.

மருத்துவர் அனுமதித்த அளவுக்கு ஊன்றுகோலுடன் நடக்கவும் வேண்டும். படுத்துக் கிடந்தால் விரைவில் குணமாகும் என்று நினைப்பது தவறு. சுமை படாத எலும்பு வலுப்பெறுவதில்லை.

50 நாள் முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிடலாமா? கூடாது. எக்ஸ்ரே படத்தில் புது எலும்பு அப்போது மெல்லிய மேகம்போலத்தான் தெரியும். அது கெட்டிப்பட, நீட்டிய காலத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு காலம் வேண்டும். சிறுவர்களுக்குச் சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று தோராயமாகக் கணக்கிடலாம். பெரியவர்களுக்கு இன்னும் கூடும். கழற்றிய பின்னும் சில காலம் ஓட்டமும் தாவலும் ஆகா. புது எலும்பு முறியக்கூடும்.

உயரம் தாண்டிய வீரர்

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் சோவியத் வீரர் வலேரி புருமெல். 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய கால் நொறுங்கியது. பல அறுவைகளும் பயனளிக்காத நிலையில், 1968-இல் இலிசாரோவிடம் சென்றார். கால் கூடியது, பின்னர் அவர் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். அதன் பிறகு குர்கானின் பெயர் எங்கும் பரவியது. 1981-இல் இலிசாரோவ் இத்தாலியில் தம் முறையை விளக்கினார். மேற்கு நாடுகளும் அதை ஏற்றன. அவர் 1992-இல் காலமானார்.

இன்று எலும்பினுள்ளேயே பொருத்தி, வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் தண்டுகளும் வந்துள்ளன. கருவி மாறினாலும் நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்னும் அளவு பெரிதும் மாறவில்லை. எலும்பின் இயல்பு அது! ஆகவே, உயரமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் இதை நாடுவோர், இத்தனை மாதத் துன்பத்தையும் ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வகுப்புக்கு இத்தகைய சட்டத்துடன் ஒரு மாணவர் வந்தால் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கம்பிகளைத் தொடாதீர்கள். காலை நீட்டி உட்கார இடம் விடுங்கள். அவருடைய புத்தகப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சி நேரத்தில் அவருடைய வேகத்திலேயே கூட நடந்து செல்லுங்கள்.