மாற்றக் குறிப்பேடு

திறமூல மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பல நாட்டு நிரலர்கள் அதில் நாள்தோறும் திருத்தம் செய்கின்றனர். ஆதலால், அம்மென்பொருளை நம்பித் தம் நிரல்களை எழுதியோர்க்கு ஓர் ஐயம் எப்போதும் உண்டு. புதிய பதிப்பை நிறுவினால், நேற்றுவரை இயங்கிய நிரல் இன்றும் இயங்குமா? இவ்வினாவுக்கு விடை கூறுவதே மாற்றக் குறிப்பேட்டின் பணி.

2008 டிசம்பரில் பைத்தான் மொழியின் 3.0 பதிப்பு வெளிவந்தது. பழைய நிரல்கள் பல அதில் இயங்கா என்பதை அறிந்தே மொழியை உருவாக்கியோர் அம்முடிவை மேற்கொண்டனர். 'பிரின்ட்' என்னும் கட்டளை, அடைப்புக்குறிகளை வேண்டும் செயற்கூறாக மாறியது. அதனைப் பழைய முறையில் எழுதினால் கணினி பிழையைச் சுட்டி நின்றுவிடும். எழுதியவர் உடனே திருத்திக்கொள்வார். வகுத்தலில் நேர்ந்த மாற்றமோ அத்தகையதன்று. முன்பு 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்னும் முழு எண் கிடைத்தது. புதிய பதிப்பில் 3.5 கிடைத்தது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டும் மாறியிருக்கும். கூலி கணக்கிடும் நிரல் ஒன்றில் இது நேர்ந்தால், தவறு வெளிப்படப் பல மாதங்கள் ஆகக்கூடும். இத்தகைய ஓசையற்ற மாற்றங்களையே குறிப்பேடு முதற்கண் எடுத்துரைத்தல் வேண்டும்.

நிரலர்கள் தம் திருத்தங்களை 'கிட்' போன்ற கருவிகளில் பதிந்து வைக்கின்றனர். அப்பதிவுகளை அப்படியே ஒட்டிவிட்டு, அதுவே மாற்றக் குறிப்பேடு என்பாரும் உளர். 'எழுத்துப்பிழை நீக்கம்', 'மீண்டும் ஒரு முயற்சி' போன்ற வரிகள் எழுதியவருக்கு நினைவுக்குறிப்பு. பயன்படுத்துவோருக்கோ வெறும் சுமை. பைத்தான் குழுவினர் இதனை உணர்ந்து, திருத்தங்களைச் சிக்கல் எண்களுடன் அடுக்கும் நெடும்பட்டியலைத் தனியாகவும், புதியன யாவை என விளக்கும் கட்டுரையைத் தனியாகவும் வெளியிடுகின்றனர்.

ஒலிவியே லகான் தொடங்கிய 'கீப் எ சேஞ்ச்லாக்' என்னும் வழிகாட்டி, மாற்றங்களைச் சேர்த்தவை, மாற்றியவை, கைவிடப்படவுள்ளவை, நீக்கியவை, சரிசெய்தவை, பாதுகாப்பு என ஆறாகப் பகுக்கிறது. அண்மைப் பதிப்பு மேலே இடம்பெறும். தேதி, ஆண்டு-மாதம்-நாள் என்னும் வரிசையில் அமையும். 03-04-2021 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கோ மார்ச் 4 அன்றோ?

ஆறனுள் பலரும் எழுத மறப்பது 'கைவிடப்படவுள்ளவை' என்னும் பகுதியே. பைத்தானுடன் நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்த 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் நிரல்தொகுப்பு 3.12 பதிப்பில் நீக்கப்படும் என்று, 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பின் குறிப்பிலேயே அறிவிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 'செட்டப்டூல்ஸ்' முதலியன உள்ளன என்பதும் அங்கேயே கூறப்பட்டது. 3.12 பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது. குறிப்பைப் படித்தோர்க்குத் தம் நிரலை மாற்றியமைக்க ஈராண்டுகள் இருந்தன. படியாதோர், நிரல் நின்ற நாளில்தான் அதனை அறிந்தனர்.