ஐபேடில் மட்டும் ஓடாத தேடல்

கல்வெட்டுச் சொற்களைத் தேட ஒரு சின்ன வலைப்பக்கம் வைத்திருக்கிறேன். அதைத் தினமும் பயன்படுத்தும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, மூணு வாரமா எதைத் தேடினாலும் ஒண்ணும் வரல. எனக்குத்தான் தட்டத் தெரியலையோன்னு இருந்துட்டேன்." சங்கடமாகிவிட்டது. சரியாக மூன்று வாரம் முன்புதான் நிரலில் கை வைத்திருந்தேன்.

என் கணினியில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. அவரிடம் இருப்பது பழைய ஐபேட் ஏர் 2. "குரோம்ல திறந்து பாருங்க ஐயா" என்றேன். அதிலும் அதே கதை. ஆகத்தான் செய்யும், அந்த ஐபேடில் குரோம் என்பது பெயருக்குத்தான், உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட்.

கேபிள் போட்டுப் பார்க்க அவர் ஐபேட் என் கையில் இல்லை. அதனால் பக்கத்தின் தலையில் தனியாக ஒரு நாலு வரி ஸ்கிரிப்ட் வைத்தேன்: எந்தப் பிழை வந்தாலும் அதைத் திரையிலேயே எழுதிவிடும். தனி ஸ்கிரிப்ட்டாக இருப்பது முக்கியம்; பிழை உள்ள கோப்பிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். அவர் நிதானமாகப் படித்துச் சொன்னார்: "இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்."

விஷயம் புரிந்துவிட்டது. 'கல்' என்று தேடினால் 'பகல்', 'நகல்' எல்லாம் வந்தன. ரெகுலர் எக்ஸ்பிரஷனின் சொல்லெல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும், தமிழ் தெரியாது. அதனால் "முன்னால் எழுத்து இருக்கக் கூடாது" என்று லுக்பிஹைண்ட் போட்டிருந்தேன்: (?<! என்று தொடங்குமே, அது. குரோமில் 2017-லேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2020-ல். சஃபாரியில் 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான். அந்த ஐபேட் 15-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. (?< வரை பார்த்த பழைய எஞ்சின், அடுத்து குழுவின் பெயர் வரும் என்று காத்திருக்கிறது, வருவது ஆச்சரியக்குறி!

இதில் ட்ரை-கேட்ச் உதவாது. சாய்கோடுகளுக்குள் எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷனை, ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே எஞ்சின் சரிபார்க்கிறது. அங்கே தவறினால் கோப்பு மொத்தமும் போச்சு. பேபலும் இதை மாற்றித் தராது.

லுக்பிஹைண்டை எடுத்துவிட்டு, "வரியின் தொடக்கம் அல்லது எழுத்தல்லாத ஒன்று" என்று சாதாரணக் குழுவாக எழுதினேன். முன்னால் உள்ள இடைவெளியும் சேர்ந்து மாட்டும். வண்ணம் பூசும்போது அதன் நீளத்தைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மறுநாள் ஐயாவே கூப்பிட்டார். "வருது தம்பி. பகல், நகல் எல்லாம் போயிடுச்சு. ஆனா நடுகல்லும் போயிடுச்சே?"

அதற்கு சஃபாரி பொறுப்பில்லை.